பிசிடி விண்ணப்பம்: 30 மாதம் எந்தத் தேதியிலிருந்து? 308 படிவம் வந்தபின் என்ன செய்ய வேண்டும்?

வால்வு_வேலை:

வணக்கம். பிசிடி (ஒரே விண்ணப்பத்தால் பல நாடுகளில் பேடன்ட் கேட்க உதவும் சர்வதேச ஒப்பந்தம்) வழியாகப் போட்ட பேடன்ட் விண்ணப்பம் ஒன்றின் காலக்கெடு பற்றி உதவி வேண்டும். முதல் விண்ணப்பம் 20 மே 2023 அன்று போட்டேன். அதன் முன்னுரிமையைக் கோரி (அதாவது புதுமையை அந்த முதல் தேதியை வைத்தே பார்க்கும்படி கேட்டு), 16 மே 2024 அன்று பிசிடி விண்ணப்பம். தாக்கலும் வெளியீடும் ஆங்கிலத்தில்தான். இப்போது அக்டோபர் 2025 ஆகிவிட்டது.

அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், இந்தியா நான்கிலும் நுழைய, அதாவது அந்தந்த அலுவலகத்தில் விண்ணப்பத்தைத் தொடர எண்ணம். அதற்கு 30 மாதக் கெடு என்கிறார்கள். கூட்டாளி மே 2024-லிருந்து எண்ணி, 2026 நவம்பர் வரை நேரம் இருக்கிறது என்கிறார். நான் எண்ணினால் அடுத்த மாதமே முடிகிறது. இதற்கிடையில் வைப்போவிலிருந்து (பிசிடியை நடத்தும் உலக அறிவுசார் சொத்து அமைப்பு) 308 என்று ஒரு படிவம் வந்திருக்கிறது. விண்ணப்பத்தின் நகல் அந்தந்த நாட்டு அலுவலகங்களுக்குப் போய்விட்டதாக அதில் இருக்கிறது. அப்படியென்றால் நாங்கள் தனியாக எதுவும் செய்ய வேண்டாமா?

இன்னொன்று. விண்ணப்பம் என் பெயரில் இருக்கிறது. உரிமையை இப்போது எங்கள் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். நாலு இடத்திலும் தனித்தனியே பெயர் மாற்ற வேண்டுமா?

கோப்பு_மேசை:

நீங்கள் எண்ணியதுதான் சரி. முன்னுரிமை கோரியிருந்தால் 30 மாதமும் 31 மாதமும் அந்த முன்னுரிமைத் தேதியிலிருந்தே ஓடும், பிசிடி தாக்கல் தேதியிலிருந்து அல்ல. உங்களுக்கு 30 மாதம் என்பது 20 நவம்பர் 2025, வியாழக்கிழமை. அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் அந்த நாள். ஐரோப்பாவும் இந்தியாவும் 31 மாதம் தருகின்றன. அது 20 டிசம்பர், சனிக்கிழமை. அலுவலகம் மூடியிருக்கும் நாளில் கெடு விழுந்தால் அடுத்த வேலைநாளுக்குத் தள்ளிப்போகும், ஆகவே திங்கள் 22. ஆனால் அந்த இரண்டு நாளை நம்பித் திட்டம் போடாதீர்கள். வெளிநாட்டுக் கட்டணம் வங்கியில் மாட்டிக்கொள்வதற்கு அந்த வாரயிறுதியே போதும்.

308 படிவத்தைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடும் ஆட்கள் நிறையப் பேர், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். நகல் போனது உண்மை. அதனால் பல அலுவலகங்களில் நீங்கள் பிசிடி நகலை மறுபடி தர வேண்டியதில்லை. அவ்வளவுதான் அதன் பயன். தேசியக் கட்டத்தில், அதாவது ஒவ்வொரு நாட்டு அலுவலகத்திலும், நுழைவது உங்கள் செயல். கட்டணம் கட்டி, தேவைப்படும் இடத்தில் மொழிபெயர்ப்பு கொடுத்து, நீங்களே நுழைய வேண்டும். சும்மா இருந்தால் அந்த நாட்டில் விண்ணப்பம் செத்துவிடும். யாரும் கதவைத் தட்டிக் கேட்க மாட்டார்கள்.

பெயர் மாற்றத்துக்கு நல்ல வழி இருக்கிறது. பிசிடி விதி 92பிஸ் கீழ் வைப்போவின் சர்வதேசப் பணியகத்துக்கு ஒரே ஒரு கோரிக்கை, கட்டணம் கிடையாது. அது 30 மாதம் முடிவதற்குள் அவர்கள் கையில் போய்ச் சேர வேண்டும். 31 மாதம் தரும் நாடுகளுக்கும் இதற்கான கெடு 20 நவம்பர்தான். முதலில் இதைச் செய்யுங்கள், பிறகு நாடுகளில் நுழையுங்கள். வரிசை மாறினால் ஏற்கெனவே நுழைந்த நாட்டில் தனியாக அலைய வேண்டிவரும்.

வால்வு_வேலை:

மிக்க நன்றி. நான்கு நாட்டுக்கும் ஒரே மாதத்தில் பணம் புரட்டுவது கஷ்டம். முன்னுரிமைக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றால் 30 மாதமும் புதிதாக எண்ணப்படும் என்று கூட்டாளி எங்கோ படித்திருக்கிறார். உண்மையா?

கோப்பு_மேசை:

உண்மைதான். 30 மாதம் முடிவதற்குள், எல்லா விண்ணப்பதாரர்களின் கையெழுத்துடன் திரும்பப் பெறலாம். அப்போது இன்னும் முடியாத கெடுக்கள் மட்டும் புதிய தேதியிலிருந்து, அதாவது 16 மே 2024-லிருந்து எண்ணப்படும். 30 மாதம் 16 நவம்பர் 2026-க்குப் போகும்.

பதிலுக்கு ஒரு கேள்வி: மே 2023-க்கும் மே 2024-க்கும் இடையில் இந்தச் சாதனத்தை எங்காவது காட்டினீர்களா, விற்றீர்களா, எழுதினீர்களா?

வால்வு_வேலை:

ஜனவரி 2024-ல் ஒரு கண்காட்சியில் ஓட்டிக் காட்டினோம். துண்டறிக்கையில் வெட்டுப்படமும் போட்டிருந்தோம்.

கோப்பு_மேசை:

அப்படியானால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள். முன்னுரிமை போனால் ஐரோப்பாவில் உங்கள் துண்டறிக்கையே உங்கள் விண்ணப்பத்தின் புதுமையைக் கெடுக்கும். சொந்த வெளிப்படுத்தலுக்கு அங்கே பொதுவான சலுகைக்காலம் இல்லை. அமெரிக்கா தாக்கலுக்கு முந்தைய ஓராண்டுக்குச் சலுகை தருகிறது என்பதால் அங்கே தப்பலாம். ஆனால் திரும்பப் பெறுவது நாடு பார்த்துச் செய்யும் காரியம் இல்லையே, பிசிடி முழுவதுக்கும் போகும். போதாததற்கு, இடைப்பட்ட ஓராண்டில் வேறு யாராவது இதே மாதிரி ஒன்றைத் தாக்கல் செய்திருந்தால் அவர் உங்களுக்கு முன்னால் வந்துவிடுவார்.

பணம்தான் நெருக்கடி என்றால், எதை இப்போதே கட்ட வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம் என்று பிரித்துப் பாருங்கள். அமெரிக்காவில் 20 நவம்பருக்குள் தவறாமல் வேண்டியது அடிப்படைத் தேசியக் கட்டணம். பிசிடி நகல் வைப்போவிலிருந்து போயிருக்கும். தேடல் கட்டணம், பரிசோதனைக் கட்டணம், கண்டுபிடிப்பாளர் உறுதிமொழி இவை பின்னால் வரலாம். குறை இருக்கிறது என்று நோட்டீஸ் வரும், கூடுதல் கட்டணத்துடன் நிரப்பலாம். ஆனால் அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும் நீட்டிப்பே கிடையாது.

ஐரோப்பாவுக்கு ஒரு மாதம் கூடுதலாக இருக்கிறது. ஆங்கில வெளியீடு என்பதால் மொழிபெயர்ப்பு வேண்டாம். உரிமைக்கோரிக்கைகள் (எதற்குப் பாதுகாப்பு கேட்கிறீர்கள் என்று எண்ணிட்டுச் சொல்லும் வரிகள்) 15-ஐத் தாண்டினால் 16-ஆவதிலிருந்து தனித்தனிக் கட்டணம் விழும், எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். கெடு தவறினால் உரிமை இழப்பு அறிவிப்பு வரும். அதிலிருந்து 2 மாதத்துக்குள் அபராதக் கட்டணம் கட்டி மீட்க முடியும் என்றாலும், பணத் தட்டுப்பாட்டில் அதை ஒரு வழியாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தியாவில் 31 மாதத்தில் நுழையாவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகவே கருதப்படும். பரிசோதனைக் கோரிக்கைக்கு, அதாவது விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும்படி கேட்பதற்கு, முன்னெல்லாம் 48 மாதம் இருந்தது. 15 மார்ச் 2024 அன்று வந்த திருத்தத்துக்குப் பிறகு தாக்கலானவற்றுக்கு அதுவும் 31 மாதம்தான். உங்கள் தாக்கல் தேதி 16 மே 2024, எனவே புதிய விதி. பழைய கட்டுரைகளைப் படித்து 48 என்று நம்பிவிடாதீர்கள்.

சொல்_பெயர்ப்பவள்:

ஜப்பான் பற்றி நான் சொல்கிறேன், தொழில்நுட்ப மொழிபெயர்ப்பு என் வேலை. அங்கே ஜப்பானிய மொழிபெயர்ப்பு கட்டாயம்: விவரணை, உரிமைக்கோரிக்கைகள், சுருக்கம், படங்களுக்குள் இருக்கும் எழுத்து எல்லாம். ஆனால் 30 மாதம் முடிவதற்கு முந்தைய 2 மாதத்துக்குள் தேசிய நுழைவுப் படிவம் கொடுத்தால், கொடுத்த நாளிலிருந்து மொழிபெயர்ப்புக்கு 2 மாதம் கிடைக்கும். நீங்கள் இப்போது அந்தச் சாளரத்துக்குள்தான் இருக்கிறீர்கள். பரிசோதனைக் கோரிக்கைக்குப் பிசிடி தாக்கல் தேதியிலிருந்து 3 ஆண்டு, 16 மே 2027 வரை, ஆகவே அந்தக் கட்டணமும் இப்போது வேண்டாம்.

ஒரு வேண்டுகோள்: அவசரத்தில் மலிவான மொழிபெயர்ப்புக்குப் போகாதீர்கள். உரிமைக்கோரிக்கையில் ஒரு சொல் குறுகினால் பாதுகாப்பும் அங்கே குறுகிவிடும்.

வால்வு_வேலை:

இருவருக்கும் நன்றி. கூட்டாளிக்குக் காட்டிவிட்டேன், முன்னுரிமையைத் தொடப்போவதில்லை. 92பிஸ் கோரிக்கை இன்று போகிறது. கடைசிக் கேள்வி: முதல் விண்ணப்பத்தின் சான்றிட்ட நகலை நாலு அலுவலகத்துக்கும் தர வேண்டுமா?

கோப்பு_மேசை:

வைப்போவிலிருந்து 304 படிவம் வந்திருக்கிறதா பாருங்கள். முன்னுரிமை ஆவணம், அதாவது அந்தச் சான்றிட்ட நகல், உரிய காலத்தில் அவர்களிடம் வந்துவிட்டதை அது காட்டினால், நாடுகளின் அலுவலகங்கள் அதை அவர்களிடமிருந்தே பெற்றுக்கொள்ளும், உங்களிடம் நகல் கேட்கக் கூடாது.

அமெரிக்கத் தாக்கலில் ஒன்றைக் கவனியுங்கள்: இது அமெரிக்கப் பேடன்ட் சட்டத்தின் பிரிவு 371-இன் கீழ் தேசியக் கட்ட நுழைவு என்று ஆவணத்தில் தெளிவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரிவு 111-இன் கீழ் சாதாரணப் புது விண்ணப்பமாக எடுத்துக்கொள்வார்கள். கட்டணம் கட்டும் முன் அந்த வரியை முகவரிடம் கேட்டு உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள்.