குறைந்த விலையில் கிட்டார் வாங்கிய அனுபவங்கள்

என் முதல் அக்கூஸ்டிக் கிட்டாரை அதன் பளபளப்பைப் பார்த்து வாங்கினேன். மூன்று மாதம் பயின்றும் எஃப் கார்டு (ஒரு விரலைக் குறுக்கே கிடத்திப் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் பிடி) பிடிபடவில்லை; விரல் நுனிகள் காய்த்துப்போனதுதான் மிச்சம். பிழை என் கையில்தான் என்று எண்ணி, ஏறக்குறைய விட்டுவிடும் நிலையில் அதைப் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. எஃகு அளவுகோலை 12ஆம் ஃப்ரெட்டின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேல் நிறுத்தி, தடித்த ஆறாம் கம்பி 4 மில்லிமீட்டருக்கும் மேலே நிற்பதைக் காட்டினார். அது ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டரில் இருந்திருக்க வேண்டும். கம்பிகள் கட்டப்படும் மரக்கட்டையான பிரிட்ஜில் செருகி, அவற்றைத் தாங்கும் சிறு பட்டையான சாடிலைத் தேய்த்துத் தாழ்த்தலாமே என்றேன். அதுவோ பிரிட்ஜுக்கு மேல் ஒரு நாணயத்தின் கனம்கூட எழும்பியிருக்கவில்லை. கழுத்தைப் பொருத்திய கோணமே தவறு என்றும், அதைக் கழற்றித் திருத்தும் கூலி கிட்டாரின் விலையைத் தாண்டும் என்றும் சொல்லிவிட்டார். கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைத் திருகினால் எல்லாம் சரியாகும் என்பாருண்டு. அது கழுத்தின் வளைவைத் திருத்துமே தவிரக் கோணத்தைத் தொடாது.

அடுத்த முறை அளவுகோலோடு போனேன். (விற்பனையாளர் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.) ஒரு கிட்டாரில் பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் தாள் நுழைந்தது, பசை விடத் தொடங்கியிருந்த அதை அங்கேயே வைத்துவிட்டேன். மற்றொன்றில் கழுத்தின் ஓரமாகக் கையை ஓட்டியபோது ஃப்ரெட் முனைகள் கீறின. மூன்றாவதில் எல்லாக் கம்பிகளையும் ஃப்ரெட் தவறாமல் அழுத்தி வாசித்து, 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி எழுப்பும் சுரமும் அங்கேயே மெல்லத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் சுருதி காட்டும் ட்யூனரில் ஒத்துப்போவதைப் பார்த்த பிறகே வாங்கினேன். அதன் ட்யூனிங் கீகள் (கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகுகள்) சுமார்தான். அவற்றை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

மறுமொழி:
மேற்பலகையைப் பற்றி நான் சேர்க்கிறேன். ‘ஸ்ப்ரூஸ் டாப்’ (ஸ்ப்ரூஸ் மர மேற்பலகை) என்று மட்டும் எழுதியிருந்ததை, அடுக்குகளாக ஒட்டாத முழுப்பலகை என்று நம்பி ஏமாந்தவன் நான். ஒலித்துளையின் விளிம்பை உற்றுப் பார்த்தால், முழுப்பலகையில் மேலே தெரியும் மரக்கோடுகள் பலகையின் கனத்திலும் இறங்கித் தொடரும். ஒட்டுப்பலகையிலோ அடுக்குகள் தெரியும். ஆனால் பின்னர் ஆசைப்பட்டு வாங்கிய முழுப்பலகைக் கிட்டார் வறண்ட பருவத்தில் வெடித்தது, காற்றின் ஈரப்பதத்தை 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் வைத்திருக்க நான் மெனக்கெடாததால்தான். அந்தப் பழைய ஒட்டுப்பலகைக் கிட்டார் இன்றும் நலமாக இருக்கிறது.

மறுமொழி:
கடையில் புதுக் கம்பி மாட்டினால் எந்தக் கிட்டாரும் கணீரென்றுதான் ஒலிக்கும். நான் வேறொருவரை வாசிக்கச் சொல்லி எதிரே நின்று கேட்டேன். மடியில் வைத்து வாசித்தபோது மந்தமாகத் தோன்றிய ஒன்றையே இறுதியில் எடுத்துவந்தேன். விரல் வலிக்கு 0.012 அங்குலத்தில் தொடங்கும் கம்பிகளை மாற்றி 0.010 போட்டுக்கொண்டேன். ஒலி சற்று மெலிந்தது, எஃப் கார்டு பிடிபட்டது.