கார் ஏத்திப் போக டிரெய்லர்: சிங்கிள் ஆக்சில் போதுமா? பிரேக் எது?

மணலி_ஷெட்

வணக்கம். மணலி புதுநகர்ல பழைய கார் ரீஸ்டோர் பண்ற ஷெட். பெரும்பாலும் அம்பாசடர், பத்மினி, கான்டெஸா. எப்பவாவது ஒரு பீட்டில் வரும். இது போக ரேஸ் கார் ரெண்டு இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போய் வரணும். வாடகை ரெக்கவரி வண்டியை நம்பி இருக்காம சொந்தமா ஒரு டிரெய்லர் போடலாம்னு இருக்கோம். இழுக்க பொலிரோ பிக்கப் இருக்கு.

ஃபேப்ரிகேட்டர் "கார் ஒரு டன்தானே, 14 அடி டெக், சிங்கிள் ஆக்சில், பிரேக் தேவையில்ல"ங்கறார். சரியா? சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்ல சேனல் எடுத்து இங்கயே அடிச்சுடலாமா? இன்ஜின் இல்லாத காரை ஏத்த வின்ச் எத்தனை டன் வேணும்?

சேசிஸ்_மாதவரம்

பிரேக் இல்லாம வேண்டவே வேண்டாம். ஏன்னு எடைக் கணக்கைப் பார்த்தாலே தெரியும்.

அம்பாசடர் காலியா 1,150 கிலோ கிட்ட. 16 அடி டெக் இருக்கற இரும்பு டிரெய்லர் காலியாவே 650, 750 கிலோ வரும். ஸ்டெப்னி, வின்ச், பேட்டரி, டூல் பாக்ஸ் சேர்த்தா இன்னொரு 100. ஆக ரோட்ல ஓடப்போறது 1,900-லேர்ந்து 2,000 கிலோ. காலி பிக்கப்பை விட இதுதான் கனமா இருக்கும். பிக்கப்போட நாலு பிரேக்கை மட்டும் நம்பினா மழையில ஒரு ஆட்டோ குறுக்க வந்தாப் போதும், டிரெய்லர் பிக்கப்பைத் தள்ளிக்கிட்டுப் போய் மடக்கிடும்.

டெக் நீளம்: அம்பாசடர் 4,325 மிமீ. 14 அடின்னா 4,267 மிமீதான், பம்பர் வெளிய நிக்கும். 16 அடி 4,877 மிமீ. மிச்சம் இருக்கற அந்த அரை மீட்டர் சும்மா இல்ல. காரை முன்ன பின்ன நகர்த்தி எடையைச் சரி பண்ண அந்த இடம் வேணும். ஃபெண்டருக்கு நடுவுல 1.95 மீட்டர் விடுங்க. சக்கரம் டெக்குக்கு வெளிய நின்னாலும் மொத்த அகலம் 2.45 மீட்டருக்குள்ள முடிஞ்சுடும், டெக் உயரமும் 450 மிமீல நிக்கும். சக்கரத்தை டெக்குக்குக் கீழ கொண்டுபோனா உயரம் 700 தாண்டும், ரேஸ் காரை ஏத்தவே முடியாது.

டயர்: சிங்கிள் ஆக்சில்ல ஒரு டயர் மேல 850, 900 கிலோ உட்காரும். ஒண்ணு வெடிச்சா டிரெய்லர் அந்தப் பக்கமா தரையில. டபுள் ஆக்சில்தான் சரி. டாடா ஏஸ்ல வர்ற 145 ஆர் 12, எட்டு பிளை டயர் லோடு இண்டெக்ஸ் 86, அதாவது 530 கிலோ. நாலுக்கு 2,120. இழுத்துப் பிடிச்ச கணக்கு அது. லோடு இண்டெக்ஸ் 94 இருக்கற 13 இஞ்ச் எல்டி (லைட் டிரக்) டயர் போட்டா ஒண்ணுக்கு 670, நாலுக்கு 2,680. இதையே போடுங்க. சாதா கார் டயர் வேண்டாம், பக்கச்சுவர் தாங்காது.

ரெண்டு ஆக்சிலுக்கும் இலை ஸ்பிரிங் போதும், எந்த ஊர்லயும் ரிப்பேர் பண்ணலாம். ஆனா நடுவுல ஈக்வலைசர் (ரெண்டு ஆக்சிலோட ஸ்பிரிங்கையும் இணைச்சு லோடைச் சமமாப் பகிர்ற ஆடுதண்டு) கட்டாயம். அது இல்லன்னா ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்லயும் மொத்த லோடும் ஒரே ஆக்சில் மேல ஏறி இறங்கும். ஏஸ் பின் ஆக்சிலை டிஃபரன்ஷியலோட அப்படியே போட்டுத் தர்றாங்க. வெட்டிக் கனம், பீம் ஆக்சில் கேளுங்க.

ஃபிரேம்: மெயினுக்கு 100 மிமீ சேனல், மீட்டருக்கு ஒன்பதரை கிலோ வரும். குறுக்கு 75 மிமீ, 600 மிமீக்கு ஒண்ணு. டெக் முழுசும் 3 மிமீ செக்கர்டு பிளேட் போட்டா தகடே 240 கிலோ. 450 மிமீ அகலத்துல ரெண்டு தடம் மட்டும் போட்டா 110 கிலோவுல முடியும். பத்மினியோட குறுகலான டிராக்கும் கான்டெஸாவும் ரெண்டுமே அதுல உட்காரும்.

இப்போ முக்கியமான விஷயம், மூக்கு எடை. டிரெய்லர் முனையில இருக்கற கப்ளர் (மாட்டற கவ்வி), பிக்கப் டோ பார்ல இருக்கற பாலை (இரும்பு உருண்டை) அழுத்தற எடை மொத்த டிரெய்லர் எடையில 10 சதவீதமாவது இருக்கணும். 1,900 கிலோவுக்கு 190. இது குறைஞ்சா 60, 70 கிமீ வேகத்துல வால் ஆட ஆரம்பிக்கும். ஆடும்போது பிக்கப் பிரேக்கை மிதிச்சா ஆட்டம் கூடத்தான் செய்யும். ஆக்சிலரேட்டரை விட்டு ஸ்டீயரிங்கை நேரா பிடிக்கறதுதான் வழி. ஆக்சில் ரெண்டுக்கும் நடுப்புள்ளி டெக்கோட முன் முனையிலேர்ந்து 60 சதவீதத்துல, அதாவது 2.93 மீட்டர்ல வரட்டும். டிராபார் (டெக்லேர்ந்து கப்ளருக்கு நீளற தண்டு) 1.3 மீட்டர்னு வைங்க. பால்லேர்ந்து ஆக்சிலுக்கு 4.23 மீட்டர். அம்பாசடரை 10 செமீ முன்னால நகர்த்தினா மூக்கு எடை 27 கிலோ கூடும். அவ்வளவு நுணுக்கமான விஷயம்.

அளக்கறது சுலபம். அரிசி மண்டியில இருக்கற 300 கிலோ பிளாட்பாரத் தராசு மேல டிராபார் ஜாக்கியை நிறுத்துங்க. டெக் மட்டமா, கப்ளர் வண்டியில மாட்டற அதே உயரத்துல இருக்கட்டும். ஜாக்கி பாலுக்குப் பின்னால இருக்கறதால தராசு கொஞ்சம் கூடக் காட்டும், கப்ளருக்கு நேர் கீழ ஒரு பைப் முட்டுக் கொடுத்தா சரியான எடை. மணலி ரோட்டு எடை மேடை 10, 20 கிலோ படியிலதான் காட்டும். மொத்த எடைக்கு அது போதும், மூக்குக்குப் போதாது. எடை சரியா வந்ததும் முன் சக்கரம் நின்ன இடத்துல டெக்ல பெயின்ட் கோடு போட்டு காரோட பேரை எழுதிடுங்க. பீட்டிலுக்கு இன்ஜின் பின்னால. ரிவர்ஸ்ல ஏத்துங்க.

பிரேக்: ஓவர்ரன் ஹைட்ராலிக். வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் கப்ளரைத் தள்ளும், அந்தத் தள்ளல்லயே மாஸ்டர் சிலிண்டர் வேலை செய்யும். எலெக்ட்ரிக் டிரம் நல்லதுதான், ஆனா மேக்னட் போச்சுன்னா இங்க தேடி அலையணும். ஓவர்ரன்ல ரெண்டு சிக்கல். ரிவர்ஸ் எடுக்கும்போது தானா பிரேக் பிடிச்சுடும், அதனால லாக் பின் இருக்கும். அந்தப் பின்னைத் திரும்ப எடுக்க மறந்தா டிரெய்லருக்கு பிரேக்கே இல்ல. பின்னுக்கு ஒரு சிவப்பு ரிப்பன் கட்டுங்க. அடுத்து கப்ளர் டேம்பர், அதாவது அந்தத் தள்ளலை மெதுவாக்கற ஷாக் அப்சார்பர். அது செத்தா நிறுத்தும்போதெல்லாம் டங்குன்னு இடிக்கும். பிரேக்அவே கேபிளை (டிரெய்லர் கழண்டா அதோட பிரேக்கை இழுத்துவிடற கம்பி) பால் கழுத்துல மாட்டாதீங்க, டோ பார்ல தனி வளையம் வேணும். பாலே கழண்டா கேபிளும் கூடவே போயிடும்.

தண்டையார்பேட்டை_டோயிங்

மேல சொன்னது அத்தனையும் சரி. ஒண்ணு மட்டும் யோசிங்க. பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்தா பதினோரு மீட்டருக்கு மேல. ராயபுரம், தண்டையார்பேட்டை சந்துக்குள்ள போய் செத்த காரை எடுக்கணும்னா டிரெய்லரைத் திருப்பவே முடியாது. அந்த வேலைக்கு பிளாட்பெட்தான் (காரை முதுகுலயே ஏத்திக்கிற ரெக்கவரி லாரி). உங்களுக்கு ஷெட்லேர்ந்து டிராக்குக்குப் போற ஓட்டம்தான் அதிகம்ங்கறதால டிரெய்லர் சரி. ஆனா வாடகை பிளாட்பெட்காரர் நம்பரை அழிச்சிடாதீங்க.

லாஷிங்_ராயபுரம்

கட்டறதும் ஏத்தறதும் நான் சொல்றேன் அண்ணே.

ஏத்தறதுக்கு முன்னாடி டிரெய்லரோட பின் மூலை ரெண்டுலயும் முட்டு ஜாக்கி இறக்குங்க. இதைத்தான் நிறைய பேர் விடறாங்க. கார் ராம்ப்ல ஏறும்போது எடை முழுக்க வால்ல. டிராபார் மேல தூக்கும், கூடவே பிக்கப்போட பின்பக்கத்தையும் தூக்கும். ஹேண்ட்பிரேக் பிடிக்கறது பின் சக்கரத்துலதான். அது தரையை விட்டா மொத்தமும் உருளும். முன் சக்கரத்துக்குக் கட்டை வெச்சுட்டுத்தான் ஏத்தணும்.

ராம்ப் 1.8 மீட்டர்னா 450 மிமீ உயரத்துக்குச் சரிவு பதினாலரை டிகிரி. அம்பாசடருக்கு ஓகே. ரேஸ் கார் முன் லிப் உரசும். 2.4 மீட்டர் ராம்ப் போட்டா 11 டிகிரிக்குள்ள வந்துடும். டெக்கோட கடைசி 3 அடியைக் கீழ சாய்ச்சு விட்டா இன்னும் நல்லது.

வின்ச்: பதினாலரை டிகிரியில அம்பாசடரை இழுக்க ஈர்ப்புக்கு மட்டும் 290 கிலோ. சக்கரம் சுத்தினா மேல கொஞ்சம்தான். நாலு சக்கரமும் ஜாம்னா உராய்வே 700, 800 கிலோ, மொத்தம் ஒரு டன்னைத் தாண்டும். வின்ச் மேல எழுதியிருக்கற சக்தி டிரம்ல கடைசி ஒரு அடுக்கு ரோப் மட்டும் மிச்சம் இருக்கும்போதுதான். மேல மேல சுத்தச் சுத்த இழுவை குறையும். அதனால 2 டன் வின்ச், இல்லன்னா ஒன்றரை டன் வின்ச்சோட ஒரு ஸ்நாட்ச் பிளாக் (ரோப்பை மடக்கி இழுவையைக் கூட்டற கப்பி). ஜாம் ஆன பிரேக் டிரம்மை முதல்ல அட்ஜஸ்டர் தளர்த்திப் பாருங்க, பாதி வேலை அதுலயே முடியும். லோடுல வின்ச் 150 ஆம்பியருக்கு மேல எடுக்கும். பிக்கப் பேட்டரியிலேர்ந்து நீள வயர் இழுக்காதீங்க, சூடாகி இழுவை செத்துடும். டிரெய்லர்லயே 12 வோல்ட் பேட்டரி, 35 சதுர மிமீ கேபிள். இழுக்கும்போது ரோப் நடுவுல ஈரச் சாக்கு போடுங்க, ரோப்புக்கு நேர்ல ஆள் நிக்கக் கூடாது.

கட்டறது: 50 மிமீ ராட்செட் பெல்ட் நாலு, லேபிள்ல 2,500 டெக்கா நியூட்டன்னு (ஏறக்குறைய 2,500 கிலோ இழுவை) இருக்கறது. லேபிள் கிழிஞ்ச பெல்ட்டைத் தூக்கிப் போடுங்க. திடீர் பிரேக்குல முன்பக்கமா காரோட எடையில 0.8 பங்கு தள்ளும்னு கணக்கு வைப்பாங்க. அம்பாசடருக்கு 920 கிலோ. பக்கவாட்டுல காரோட எடையில பாதி. முன் ரெண்டும் முன்னோக்கி, பின் ரெண்டும் பின்னோக்கி இழுக்கணும். சக்கரத்து மேல போட்டுக் கட்டற பெல்ட்தான் பழைய காருக்கு நல்லது, பாடியில எதுவும் படாது, சஸ்பென்ஷன் தன் பாட்டுக்கு ஆடும். டை ராட்லயோ பம்பர்லயோ கொக்கி மாட்டறது தப்பு. பெல்ட் மாட்டற டி-ரிங்கை செக்கர்டு தகட்டுல வெல்ட் பண்ணி விட்டுடுவாங்க, கவனிங்க. குறுக்கு சேனல்ல அடியில பேக்கிங் பிளேட் வெச்சு போல்ட் பண்ணணும். பெல்ட்டை அரை முறுக்கு விட்டுக் கட்டினா காத்துல படபடக்காது.

கிளம்பினதும் பெல்ட் தளரும், அது இயல்பு. மீஞ்சூர்ல அவுட்டர் ரிங் ரோடு ஏறறதுக்கு முன்னாடி ஒரு தடவை நிறுத்தி நாலையும் இறுக்குங்க.

மணலி_ஷெட்

ரொம்ப நன்றிண்ணே. டபுள் ஆக்சில், ஓவர்ரன் பிரேக், 16 அடி முடிவாச்சு. இப்போ பேப்பர்? ஃபேப்ரிகேட்டர் "டிரெய்லருக்கு ஆர்.சி. எதுக்கு"ங்கறார்.

ரெட்ஹில்ஸ்_18

அவர் பேச்சைக் கேக்காதீங்க சார். மோட்டார் வாகனச் சட்டத்துல டிரெய்லர் தனி வண்டி, அதுக்குத் தனிப் பதிவு உண்டு. 0.75 டன்னுக்கு மேல 3.5 டன் வரைக்கும் டி2 பிரிவு, உங்களுது அதுலதான் வரும். அந்த மாடலுக்கு மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி டைப் அப்ரூவல் இருக்கணும். ஒரகடத்துல இருக்கற கார்க் (GARC) மாதிரி வாகனச் சோதனை மையம் கொடுக்கறது. ஒரே ஒரு டிரெய்லருக்காக நீங்களே அப்ரூவல் வாங்கறது கட்டுப்படியாகாது. அதனால சேனல் வாங்கி ஷெட்ல அடிக்கற யோசனையை விடுங்க. அப்ரூவல் வெச்சிருக்கற தயாரிப்பாளர்கிட்ட சேசிஸ், ஆக்சில், பிரேக்கோட வாங்குங்க. ஃபார்ம் 21 (விற்பனைச் சான்று), ஃபார்ம் 22 (தயாரிப்பாளரோட தகுதிச் சான்று) ரெண்டையும் கையில வாங்கினப்புறம் பாக்கிப் பணம் கொடுங்க.

இழுக்கற வண்டிதான் அடுத்த கேள்வி. அசல்ல இல்லாத டோ பாரை மாட்டினா மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 (வண்டியை மாத்தியமைக்கறது பத்தினது) குறுக்க வரும். பொலிரோவுக்கு எத்தனை கிலோ இழுக்கலாம்னு தயாரிப்பாளர் பக்கத்துலேர்ந்து எழுத்துல வாங்கி, ஆர்டிஓவுல காட்டிட்டு அப்புறம் மாட்டுங்க. பிக்கப்போட நம்பரும் டிரெய்லர் பின்னால தெரியணும். இன்ஷூரன்ஸ்ல டிரெய்லரைத் தனியாச் சேர்க்கச் சொல்லுங்க. ரிஃப்ளெக்டர் டேப் முன்னால வெள்ளை, பக்கத்துல மஞ்சள், பின்னால சிவப்பு. வயரிங்ல எர்த்துக்குத் தனி வயர் இழுங்க, பால் வழியா எர்த் எடுத்தா லைட் மினுக்கிக்கிட்டே இருக்கும்.

எண்ணூர்_உப்புக்காத்து

நம்ம ஏரியாவுக்கு ஒண்ணு சேர்த்துக்கிறேன். பாக்ஸ் செக்ஷன்ல ஃபிரேம் இருந்தா உள்ள உப்புக்காத்து புகுந்து துரு பிடிக்கும், வெளிய பெயின்ட் பளபளன்னு இருக்கும். திறந்த சேனல்னா துரு கண்ணுக்குத் தெரியும், சுரண்டிப் பூசலாம். ஹாட் டிப் கால்வனைசிங் போடறதா இருந்தா வெல்டிங், துளை எல்லாத்தையும் முடிச்சுட்டு அனுப்புங்க. மூடின பைப் எதுவா இருந்தாலும் காத்துத் துளை இருக்கணும். இல்லன்னா துத்தநாகத் தொட்டியில வெடிக்கும்.

மழைக்காலத்துல வியாசர்பாடி ஜீவா சுரங்கப்பாதை மாதிரி தண்ணி நிக்கற இடத்துல டிரெய்லரை இறக்கவே இறக்காதீங்க. ஓடிச் சூடான ஹப் தண்ணியில முங்கினா உள்ள காத்து சுருங்கி ஆயில் சீல் வழியா தண்ணியை உறிஞ்சும். அடுத்த வாரம் கிரீஸ் பால் மாதிரி வெளுத்து வரும், அதுக்கப்புறம் பேரிங் ஜாம். முங்கிட்டா அன்னைக்கே ஹப்பைக் கழட்டி, பேரிங்கைக் கழுவிக் காயவெச்சு புது கிரீஸ், புது சீல். பேரிங் நட்டை முதல்ல இறுக்கிக்கிட்டே ஹப்பைச் சுத்துங்க, அப்புறம் முழுசாத் தளர்த்திக் கையால மட்டும் முறுக்கி ஸ்பிளிட் பின் போடுங்க. இறுக்கிவிட்ட பேரிங்தான் ரோட்ல எரியறது.

ஒவ்வொரு நிறுத்தத்துலயும் நாலு ஹப்பையும் புறங்கையால தொட்டுப் பாருங்க. மூணு வெதுவெதுன்னு இருந்து ஒண்ணு மட்டும் கை வைக்க முடியலன்னா பேரிங் இல்லன்னா பிரேக் ஒட்டுது. அந்தச் சக்கரத்தை ஜாக்கியில தூக்கிச் சுத்திப் பார்த்துட்டுத்தான் கிளம்பணும்.