பொருள்: டிராப் ஸோன் – குதிகளமா, வேறா?

குழுவினருக்கு வணக்கம்.

50-ஆவது இந்தியப் பாராசூட் பிரிகேடின் போர்க்கால வரலாற்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாராசூட்டுக்கு 'வான்குடை' இருக்கிறது, சிக்கல் இல்லை. பிரிகேடைப் பிரிகேட் என்றே விட்டுவிட்டேன். 'படைப்பிரிவு' என்று எழுதினால் ரெஜிமெண்டா டிவிஷனா என்று யாருக்கும் புரியாது. இழுத்தடிப்பது, வான்குடையில் ஆளோ பொருளோ வந்து இறங்கக் குறித்த இடமான 'டிராப் ஸோன்'தான்.

போன வாரம் இங்கே ஒருவர் தந்த 'குதிகளம்' எனக்குப் பிடித்திருந்தது. 1945 மே 1 அன்று ரங்கூன் ஆற்றின் முகத்துவாரத்தில், எலிஃபன்ட் பாயின்ட் அருகே, கூர்க்கா வீரர்கள் டகோட்டா விமானங்களிலிருந்து குதித்தார்கள். அந்த அத்தியாயத்தில் சொல் கச்சிதமாக உட்கார்ந்தது.

சாங்ஷக் அத்தியாயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். 1944 மார்ச், மணிப்பூரில் உக்ருலுக்குத் தெற்கே ஒரு மலைக்கிராமம். பிரிகேடின் பெரிய சண்டை அதுதான், ஆனால் அங்கே ஒருவர்கூட வான்குடையில் இறங்கவில்லை. தரைவழியாகவே வந்து சேர்ந்தார்கள். கொஞ்சம் தோண்டியதும் பாறை, சுற்றிக் கட்ட முள்கம்பி கிடையாது, தண்ணீருக்குத் திண்டாட்டம். ஜப்பானிய 31-ஆவது டிவிஷனின் 58-ஆவது ரெஜிமெண்ட் வளைத்துக்கொண்டது. 26-ஆம் தேதி இரவு உடைத்துக்கொண்டு வெளியேறும்வரை, வான்குடையில் வந்தவை பெட்டிகள் மட்டுமே. தோட்டாவும் சாப்பாடும். இடம் அவ்வளவு குறுகல் என்பதால் அவற்றில் பெரும்பகுதி ஜப்பானியர் பக்கம் போய் விழுந்தது.

"குதிகளம் குறுகலாக இருந்ததால் பெட்டிகள் தவறின" என்று எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். பெட்டி எங்கே குதிக்கும்?

---

தம்பி, வணக்கம்.

ஆங்கிலத்தில் ஆள் குதிப்பதற்கும் 'டிராப்', மூட்டை போடுவதற்கும் 'டிராப்'. நாம் குதி, போடு, இறங்கு, விழு என்று ஆளுக்கும் பொருளுக்கும் ஏற்ப வினையை மாற்றுகிறவர்கள். ஆகவே வினையை விடுங்கள். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது குடைதானே? 'குடைக்களம்' என்று வைத்துக்கொள்ளலாம்.

முன்பு ஒருவர் சொன்ன 'வீழ்களம்' வேண்டவே வேண்டாம். படித்தால் செத்துக் கிடக்கிற இடம் போல இருக்கிறது.

எஞ்சின் இல்லாமல் மிதந்து வந்து இறங்கும் விமானமான கிளைடருக்குக் குடை இல்லை. அது வந்து இறங்கும் 'லேண்டிங் ஸோனு'க்கு 'இறங்குகளம்' என்ற சொல் மிச்சமிருக்கும். 'குதிகளம்', 'இறங்குகளம்' என்று வைத்தால் இந்த வேறுபாடு அவ்வளவு பளிச்சென்று தெரியாது.

மழைக்குடை ஞாபகம் வரும் என்பார்கள். வரட்டும். புறத்திணையில் 'குடைநாட்கோள்' என்றே ஒரு துறை உண்டு. கோட்டையை முற்றுகையிடப் போகும் அரசன் நல்ல நேரம் பார்த்துத் தன் குடையை முன்னால் அனுப்புவான். படைக்கு முன் குடை போவது நமக்குப் பழகியதுதான்.

நடுவில் வரும் 'க்' என்ற ஒற்றெழுத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். 'குடைகளம்' என்றால் குடைந்தெடுக்கிற களம். சாங்ஷக் பாறையில் அதுவும் நடக்கவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள்.

---

ஐயா, மிக்க நன்றி.

இரண்டு அத்தியாயங்களிலும் போட்டுப் பார்த்தேன். "குடைக்களம் குறுகலாக இருந்ததால் பெட்டிகள் தவறின." சரியாக வருகிறது. எலிஃபன்ட் பாயின்டில் 'குதிகளம்' தந்த வேகம் கொஞ்சம் குறைகிறது, ஆனாலும் ஒரே நூலில் ஒரு பொருளுக்கு இரண்டு சொல் கூடாது.

இதே வழியில் இன்னொன்றையும் மாற்றுகிறேன். 'பாராட்ரூப்பர்' வரும் இடமெல்லாம் 'வான்குடை வீரர்' என்று எழுதியிருந்தேன். 152-ஆவது பட்டாலியனின் மருத்துவ அதிகாரி ரங்கராஜ் வந்ததும் தயக்கமாகிவிட்டது. முதன்முதலில் வான்குடையில் குதித்த இந்தியர் இருவரில் அவர் ஒருவர். மற்றவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். 1951 மார்ச்சில் ரங்கராஜ் கொரியாவிலும் அமெரிக்கப் படையோடு குதித்தார், 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவின் தலைவராக. கையில் கத்தரிக்கோலோடு இறங்குகிறவரை 'வீரர்' என்பதில் தப்பில்லைதான். இருந்தாலும் 'வான்குடையர்' என்றால் டாக்டர், சமையல்காரர், சிப்பாய் எல்லாரும் அடங்கிவிடுவார்கள்.

அடுத்து, ஒரே விமானத்திலிருந்து வரிசையாகக் குதிக்கும் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'ஸ்டிக்' என்கிறார்கள். இப்போதைக்கு 'சரம்' என்று போட்டு வைத்திருக்கிறேன். பட்டாசு வெடிக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்.