முக்கால் கிரவுண்டுக்கு எதுக்கு உயில்?

பழைய வண்ணை:
"உயிலெல்லாம் போயஸ் கார்டன்காரங்களுக்கு, நம்ம முக்கால் கிரவுண்டு வீட்டுக்கு எதுக்கு?"ன்னு நேத்து ஃபிரெண்டு ஒருத்தன் கேட்டான். நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்கப்பா 2009ல தவறினார். வீடு அவர் சொந்தச் சம்பாத்தியம். உயில் இல்ல. அம்மா, நான், ரெண்டு தங்கச்சி, நாலு பங்குதானேன்னு நெனச்சோம். வாரிசு சான்றிதழ் வாங்கும்போதுதான் அஞ்சாவது பங்கு ஒண்ணு இருக்கறது தெரிஞ்சது, எங்க ஆயாவுக்கு, அதான் அப்பாவோட அம்மாவுக்கு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பிள்ளை செத்தா பெத்த தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஆயா நம்மகூடத்தானே இருக்காங்கன்னு விட்டுட்டோம். அங்கதான் கோட்டை விட்டோம். 2014ல ஆயாவும் போனாங்க. அவங்க பங்கு அவங்க பிள்ளைங்களுக்கு இறங்கிடுச்சு: ரெண்டு சித்தப்பா, ஒரு அத்தை, எங்கப்பாவுக்குப் பதிலா நாங்க. இப்போ மாடி கட்ட லோன் கேட்டா, பேங்க் வக்கீல் அவங்க எல்லார்கிட்டயும் பங்கை விட்டுக்கொடுக்கற விடுதலைப் பத்திரம் வாங்கிட்டு வாங்கன்னு சொல்றார். ஒரு சித்தப்பா பஹ்ரைன்ல. அத்தை "யோசிச்சு சொல்றேன்"னு சொல்லி ரெண்டு வருஷமாச்சு. "வீடு என் மனைவிக்கு"ன்னு அப்பா ஒரு வெள்ளைப் பேப்பர்ல எழுதி, ரெண்டு சாட்சி வெச்சிருந்தா இந்த அலைச்சல் எதுக்கு?

கல்மண்டபம் மச்சி:
தலைவா, அத்தை மேல இருக்கற காண்டுல எங்களை உயில் எழுதச் சொல்றியா? எங்க மாமா எழுதிட்டுத்தான் போனாரு. பெரியவனுக்கு வீடு, சின்னவனுக்குக் கடை. "ஐசியூல கெடந்த மனுசன் எப்படிய்யா கையெழுத்து போட்டாரு"ன்னு சின்னவன் கோர்ட்ல கேவியட்னு ஆட்சேபணை போட்டான். அப்போ சிட்டிக்குள்ள இருக்கற சொத்துக்கு உயில்னா, ஐகோர்ட்ல புரோபேட், அதான் உயில் செல்லும்ங்கற உத்தரவு, வாங்காம ஒண்ணும் நடக்காது. கேவியட் விழுந்ததும் அது கேஸாவே மாறிடுச்சு. ஒம்போது வருசம். பாரிமுனைக்கு ஷேர் ஆட்டோ ஏறி எறங்கியே மாமி முட்டி போச்சு. உயில் இல்லாங்காட்டி சமமா வாங்கினு போயிருப்பானுங்க.

பழைய வண்ணை:
ஐசியூல போய் எழுதினது உயிலோட தப்பா?

மாஜி பத்திர எழுத்தர்:
முப்பது வருடம் பத்திரம் எழுதியவன். இருவர் சொன்னதும் நடக்கிற கதைதான். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் உடம்பு நன்றாக இருக்கும்போதே சார்பதிவாளர் முன் பதிந்துவிட்டால் ஐசியூ கேள்விக்கு வலு குறையும். ஒரு பிள்ளைக்குக் குறைத்தால் ஏன் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். சாட்சிகள் பங்கு வாங்காதவர்களாக, உங்களைவிட வயதில் இளையவர்களாக இருக்கட்டும். உயில் எழுதியவருக்கு முன்பே சாட்சி போய்ச் சேர்ந்துவிட்டு, பிறகு அவர் கையெழுத்தை நிரூபிக்கப் பிள்ளைகள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

காசிமேடு போட்டு:
உயிலே வேணாம், உசுரோட இருக்கும்போதே வீட்டை எழுதிக் குடுக்கற செட்டில்மென்ட் பத்திரம் போடுங்க. குடும்பத்துக்குள்ளன்னா முத்திரைத் தீர்வை 1 சதவீதம், மிஞ்சிப்போனா 40,000 ரூபா. பதிவுக் கட்டணம் மிஞ்சிப்போனா 10,000. அன்னிக்கே பேர் மாறிடும், வில்லங்கச் சான்றிதழ்லயும் ஏறிடும். எங்க நைனா எனக்கு அப்படித்தான் எழுதினாரு.

ராயபுரம் டீச்சர்:
உங்க நைனாவுக்கு நல்ல பிள்ளை அமைஞ்சது. எங்க தெருவுல ஒரு அம்மா அப்படி எழுதிக் கொடுத்துட்டு, இன்னிக்கு மாடிப்படிக்குக் கீழே படுத்திருக்காங்க. 2007 மூத்த குடிமக்கள் சட்டம் 23வது பிரிவுல ரத்து பண்ணக் கேக்கலாம். ஆனா "கடைசிவரை பாத்துக்கணும்"னு பத்திரத்துல இருக்கான்னுதான் முதல் கேள்வி வரும். உயில்னா சாகற வரைக்கும் வீடு நம்மளுது, நாளைக்கே மாத்தியும் எழுதலாம். அந்தப் பயத்துலயாவது காபி சூடா வரும். எங்களை மாதிரி கிறிஸ்தவக் குடும்பத்துல உயில் இல்லன்னா, பிள்ளைங்க இருந்தா மனைவிக்கு மூணுல ஒண்ணுதான். அதையும் யோசிங்க.

மண்ணடி அத்தர்:
எங்க முஸ்லிம் சட்டத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல உயில் எழுத முடியாது. வாரிசுல ஒருத்தருக்கே எழுதினா மத்தவங்க சம்மதிக்கணும். எல்லாரும் எழுதணும்னு ஒரே போடா போடாதீங்க.

கல்மண்டபம் மச்சி:
அப்படிச் சொல்லு பாய். எங்க பக்கம் நெறைய பேருக்கு ஹவுசிங்போர்டு வீடு. கையில இருக்கறது ஒதுக்கீட்டு லெட்டர், கிரயப் பத்திரமே வரல. அவன் இன்னான்னு உயில் எழுதுவான்? பேங்க்ல கீற பணத்துக்கு நாமினி போட்டாச்சு. முடிஞ்சுது.

மாஜி பத்திர எழுத்தர்:
முடியவில்லை. பேங்க் டெபாசிட்டில் நாமினி பணத்தைக் கையில் வாங்குகிறவர்தான், சொந்தக்காரர் வாரிசுகளே. ஷேருக்கும் அப்படித்தான் என்று சுப்ரீம் கோர்ட் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. இன்ஷூரன்ஸில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு மனைவி, பிள்ளை, பெற்றோரை நாமினியாகப் போட்டிருந்தால் கதை வேறு. ஹவுசிங்போர்டு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பாக்கியைக் கட்டிக் கிரயப் பத்திரம் வாங்குவதுதான் அங்கே முதல் வேலை.

கல்மண்டபம் மச்சி:
சட்டமெல்லாம் சரி பெரிசு, எங்கப்பன்கிட்ட யாரு பேசறது? போன பொங்கலுக்கு லேசா எடுத்தேன். "எப்போ சாவேன்னு நாள் எண்றியா"ன்னு தட்டைத் தள்ளிட்டு எழுந்துட்டாரு.

பழைய வண்ணை:
உங்கப்பாவோட அம்மா இருக்காங்களா?

கல்மண்டபம் மச்சி:
கெழவி கல்லு மாதிரி கீது. ஏன்?

பழைய வண்ணை:
நான் மேல எழுதினதை இன்னொரு தபா படி.

கல்மண்டபம் மச்சி:
யோவ். எனக்கு அத்தை மட்டும் நாலு பேருய்யா.