பெந்தெகொஸ்தே வாசிப்புக்கு யோசனை வேண்டும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். லண்டனில் எங்கள் ஆங்கிலிக்கன் சபையில் பரிசுத்த ஆவி இறங்கியதை நினைவுகூரும் பெந்தெகொஸ்தே திருநாள் அன்று, சீஷர்கள் பல மொழிகளில் பேசியதைச் சொல்லும் அப்போஸ்தலர் 2:1-21 வேதப் பகுதியைத் தமிழ், மலையாளம், யொருபா, ஆங்கிலம் என்று நான்கு மொழிகளில் வாசிக்கப் போகிறோம். எல்லாரும் சேர்ந்தே வாசித்தால் சந்தை இரைச்சல்தான். அதனால் முதல் 4 வசனம் ஆங்கிலம், 5 முதல் 13 வரை மாறி மாறி மற்ற மொழிகள், பேதுரு பேசத் தொடங்கும் 14-லிருந்து மறுபடி ஆங்கிலம் என்று நினைக்கிறேன். உங்கள் சபையில் எப்படி?

தமிழில் வாசிக்கப்போவது இங்கே பிறந்த பிள்ளை. 9-ஆம் வசனத்தில் ‘பார்த்தரும், மேதரும், ஏலாமீத்தரும்’ என்ற இனப் பெயர்கள் வந்ததும் நாக்கு சிக்கிக்கொள்கிறது (எனக்கும்தான்). யாராவது நிதானமாக வாசித்துப் பதிவு செய்து அனுப்ப முடியுமா?

அப்புறம், பீடத்துக்குச் சிவப்பு விரிப்பு தயார். அடுத்த ஞாயிறு திரித்துவத் திருநாள்; அதற்குப் போட வேண்டிய வெள்ளை விரிப்பில் ஈஸ்டர் மெழுகுக் கறை இருக்கிறது. பட்டுத்துணி கெடாமல் அதை எப்படி எடுப்பது?