ஓப்‌ஏ புரதத்தில் டிரைலைசின் மிகக் குறைவாகவே பிணைகிறது: காரணம் என்னவாக இருக்கும்?

கேள்வி (ஆய்வு மாணவி):
வணக்கம். சால்மோனெல்லாவின், சிறு பெப்டைடுகளைப் பிடித்துக்கொள்ளும் ஓப்‌ஏ புரதத்தை, ஹிஸ்டிடின் வால் சேர்த்து, ஈகோலையில் எல்‌பி ஊடகத்தில் வளர்த்து, அந்த வாலைப் பற்றும் நிக்கல் பிசினில் பிரித்தெடுத்தேன். ஜெல்லில் 59 கிலோடால்டன் அருகே ஒரே பட்டைதான் தெரிகிறது. ஆனால் பிணைவின் வெப்பத்தை அளக்கும் ஐடிசி கருவியில் 50 மைக்ரோமோலார் புரதத்தில் டிரைலைசினை (மூன்று லைசின்கள் கொண்ட பெப்டைடு) சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால், முதல் சில சொட்டுகளுக்கு மட்டும் வெப்பம் வெளிப்பட்டுப் பிறகு நின்றுவிடுகிறது. 1 வரவேண்டிய பிணைவு விகிதம் (ஒரு புரதத்துக்கு எத்தனை பெப்டைடு) 0.3 என்றே வருகிறது. இரண்டு நாள் டயாலிசிஸ் (சிறு மூலக்கூறுகளை மட்டும் கடக்கவிடும் சவ்வுப் பையில் வைத்துக் கழுவுதல்) செய்தும் மாற்றமில்லை. புரதம் கெட்டுவிட்டதா?

மறுமொழி 1:
கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. ஏற்கெனவே வயிறு நிறைந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். 2 முதல் 5 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடுகளை, வரிசை எதுவானாலும், ஓப்‌ஏ ஏற்றுக்கொள்கிறது. அது பற்றிக்கொள்வது பெப்டைடின் முதுகெலும்பையும், அதன் முனை அமினோ தொகுதியையும்தான் (இதற்கு 419ஆம் ஆஸ்பார்ட்டேட் உப்புப் பாலம் தருகிறது); பக்கச் சங்கிலிகள் நீர் நிறைந்த அகன்ற பைகளில் தாராளமாக இருந்துகொள்கின்றன. தாங்கள் பயன்படுத்திய எல்‌பியின் டிரிப்டோனோ கேசீனைச் செரித்துப் பெறப்படும் பெப்டைடு ரசம்; அதிலிருந்தே புரதம் நிறைந்திருக்கும். டயாலிசிஸ் ஏன் உதவவில்லை என்றால், இறுகப் பிணைந்த பெப்டைடு ஒன்று விடுபட்டாலும், டயாலிசிஸ் பைக்குள் இவ்வளவு செறிவில் காத்திருக்கும் காலியான புரதங்களில் ஒன்று அதை உடனே மீண்டும் பிடித்துக்கொள்கிறது. ஆகவே சவ்வைக் கடந்து வெளியேறுவது மிகச் சொற்பம்.

புரதத்தை நிக்கல் பிசினிலேயே நிறுத்தி, 6 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடால் கழுவி மடிப்பை அவிழ்த்து, குவானிடினைப் படிப்படியாகக் குறைத்து மறுபடி மடியச் செய்யுங்கள். சிறிது புரதம் வீழ்படிவாகும். அதை மையவிலக்கியில் நீக்கிவிட்டு, செறிவை மீண்டும் அளந்துகொள்ளுங்கள்.

கேட்டவர்:
நன்றி ஐயா, அப்படியே செய்தேன். வெப்பச் சிகரங்கள் இப்போது மிகத் தெளிவாக உள்ளன. ஆனால் விகிதம் 1.9 என்று வந்து என்னைக் குழப்புகிறது. ஓர் இடத்தில் இரண்டு பெப்டைடு எப்படிப் பிணையும்?

மறுமொழி 2:
பிணையாது. டிரைலைசின் எந்த உப்பாக வந்தது, எந்த மூலக்கூறு எடையைக் கொண்டு செறிவைக் கணக்கிட்டீர்கள்?

கேட்டவர்:
402.5 என்று கணக்கிட்டேன். குப்பியின் தாளில் டிரைஃப்ளூரோஅசிடேட் உப்பு என்றிருக்கிறது. அதை நான் கவனிக்கவே இல்லை.

மறுமொழி 2:
அங்கேதான் பிழை. மூன்று பக்கச் சங்கிலிகளும் முனை அமினோ தொகுதியும் சேர்த்து நான்கு இடங்களில் தலா 114 எடையுள்ள அமிலம் ஒட்டியிருந்தால், மொத்த எடை ஏறத்தாழ 859 ஆகிறது. எனவே ஊசியில் இருந்தது தாங்கள் எண்ணியதில் 47 விழுக்காடுதான், 1.9ஐ அதனால் பெருக்கினால் 0.9 வருகிறது. அதே திருத்தத்தில் பழைய 0.3 என்பதும் 0.14 ஆகிவிடுகிறது, அதாவது அன்று புரதத்தில் ஏழில் ஒரு பங்குதான் காலியாக இருந்திருக்கிறது. பொடி ஈரத்தையும் உறிஞ்சும் என்பதால், எடையை நம்பாமல் அமினோ அமிலப் பகுப்பாய்வால் செறிவை உறுதிசெய்வது நல்லது.