டிவிடி வாய்க்குள் போய்விட்ட எஸ்டி கார்டு, எடுக்க வழி சொல்லுங்கள்

வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். வீட்டில் இருப்பது 2011 மாடல் ஐமேக் (திரைக்குப் பின்னாலேயே மொத்தக் கணினியும் அடங்கிய ஆப்பிள் மெஷின்), 21.5 அங்குலம். வலது ஓரத்தில் டிவிடி போடும் நீள வாய், அதற்குக் கீழேயே எஸ்டி கார்டுக்கான சின்ன வாய். நேற்று ராத்திரி திரையைப் பார்த்துக்கொண்டே தடவித் தடவிச் சொருகினேன். சர்ரென்று வழுக்கிக்கொண்டு மேல் வாய்க்குள் போய்விட்டது.

டார்ச் அடித்தால் தூசி தடுக்கும் கறுப்புப் பட்டைக்குப் பின்னால் நீல மூலை ஒன்று தெரிகிறது. எஜெக்ட் அழுத்தினால் உர்ரென்ற சத்தம் மட்டும்தான். 12 சென்டிமீட்டர் தட்டைப் பிடிக்கிற உருளைக்கு 32 மில்லிமீட்டர் கார்டு எப்படி அகப்படும்? விசிட்டிங் கார்டில் இருபக்க டேப் ஒட்டி விட்டுப் பார்த்தேன். ஒட்டியது, பாதி வழியில் நழுவி முன்னைவிட உள்ளே போய்விட்டது. இடுக்கி விட பயம், உள்ளே லென்ஸ் இருக்கிறதே.

முன்கண்ணாடி காந்தத்தில்தான் நிற்கிறது, ரப்பர் உறிஞ்சியால் கழற்றலாம் என்று தெரியும். அதற்குப் பிறகு திரையைத் தூக்கி டிரைவை வெளியே எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒயர் எதையாவது அறுத்துவிடுவேனோ என்று கை நடுங்குகிறது. அல்லது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வலப்பக்கம் சாய்த்து மெல்லத் தட்டினால் போதுமா?

கார்டில் தங்கை மகளின் காதுகுத்துப் படங்கள். வேறு நகல் இல்லை. தங்கைக்கு இன்னும் சொல்லவில்லை.